எழுத்தின் திசையை நிரல் அறிவது எப்படி?

அரபு, ஹீப்ரு, உருது, மாலத்தீவின் திவேஹி ஆகிய மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. கணினியின் நினைவகத்தில் இடமும் இல்லை, வலமும் இல்லை. எந்த மொழியானாலும் படிக்கும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போதுதான் எது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை, ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு வகுத்துள்ள திசைப் பண்பில் இருக்கிறது.

இப்பண்பில் 23 வகைகள் உள்ளன. அவை நான்கு பிரிவுகளில் அடங்கும். வலுவான எழுத்துகளுக்குத் திசை உறுதியானது: தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம், ஹீப்ருவும் அரபும் வலமிருந்து இடம். அரபு எழுத்துகளுக்குப் பின்வரும் எண்களுக்குத் தனி விதி உண்டு என்பதால் அந்த எழுத்துகள் ஹீப்ருவிலிருந்து பிரித்துத் தனி வகையாக வைக்கப்பட்டுள்ளன. எண்கள் வலுக்குறைந்தவை. அரபு வரியின் நடுவே வந்தாலும் ஓர் எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகவே அமையும். இடைவெளி, வியப்புக்குறி போன்றவை நடுநிலையானவை; சுற்றியுள்ள எழுத்துகளின் திசையை ஏற்பவை. நான்காம் பிரிவு, திசையை மாற்றுவதற்கென்றே உள்ள, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள்.

இந்தப் பண்பை நிரலில் கேட்டறிவது எளிது. பைத்தானில் ‘யூனிகோடுடேட்டா’ தொகுதியின் ‘பைடைரெக்‌ஷனல்’ செயற்கூறும், ஜாவாவில் ‘கேரக்டர்’ வகுப்பின் ‘கெட்டைரெக்‌ஷனாலிட்டி’ செயற்கூறும் ஓர் எழுத்தின் திசை வகையைச் சொல்லிவிடும். அடைப்புக்குறி போன்றவை வலமிருந்து இடமாக ஓடும் வரியில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்ப வேண்டும். அதைக் காட்டும் பண்பு வேறு. அதைத் தனியே கேட்க வேண்டும்.

பிழைகள் பெரும்பாலும் கேள்வியைத் தவறாக அமைப்பதால் வருகின்றன. ஒரு சொல்லின் எல்லாக் குறிகளும் ‘இடமிருந்து வலம்’ வகையா என்று சோதிக்கும் நிரல், ‘தமிழ்’ என்ற சொல்லையே தள்ளிவிடும். ழகரத்தின் மேலுள்ள புள்ளி தனிக் குறியாகச் சேமிக்கப்படுவதும், முந்தைய எழுத்தின் திசையை ஏற்கும் வலுக்குறைந்த வகையாக இருப்பதுமே காரணம். முதல் குறியை மட்டும் பார்ப்பதும் போதாது. பத்தி எண்ணிலோ மேற்கோள்குறியிலோ தொடங்கலாம். அவற்றைக் கடந்து முதல் வலுவான எழுத்தைக் கண்டு, அதன் திசையையே பத்தியின் திசையாகக் கொள்வது யூனிகோடு விதி.

மொழியின் பெயரை வைத்தும் திசையை முடிவு செய்யக் கூடாது. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த அரபுத்தமிழில் மொழி தமிழ், எழுத்து அரபு. ஆகவே அது வலமிருந்து இடமாக ஓடுகிறது.

கட்டுப்பாட்டுக் குறிகளைச் சோதிப்பது பாதுகாப்புக்கும் தேவை. கோப்புப் பெயரில் ஒரு திருப்பக் குறியை ஒளித்துவைத்தால், இயக்கக்கூடிய தீங்கு நிரலும் படக் கோப்பு போலத் தோன்றும். 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பவுச்சர், ராஸ் ஆண்டர்சன் இருவரும் ‘ட்ரோஜன் சோர்ஸ்’ என்ற தாக்குதலை விளக்கினர். மூலநிரலில் இக்குறிகளைப் புகுத்தினால், சோதிப்பவர் கண்ணுக்கு ஒரு வரிசையும் கம்பைலருக்கு வேறொரு வரிசையும் தெரியும். தீய கட்டளை சாதாரண வரிபோல் நழுவிவிடும். வெளியிலிருந்து வரும் பெயர்களிலும் மூலநிரலிலும் இக்குறிகளைத் தேடி எச்சரிப்பதே இதற்குத் தற்காப்பு.

யூனிகோடு எழுத்துகளுக்குத் தரும் குறியெண்களில் எந்த எல்லைக்குள் அரபும் ஹீப்ருவும் உள்ளன என்று நிரலர் தாமே எழுதிவைப்பதும் பலன் தராது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மொழிக்கான அட்லம் எழுத்துமுறை 2016இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதுவும் வலமிருந்து இடமாக ஓடுவதே. அதன் குறியெண்கள் 65,536க்கும் மேலே இருப்பதால், ஜாவாவின் 16 பிட் ‘சார்’ வகையில் ஓர் எழுத்துகூட அடங்காது. முழுக் குறியெண்ணையும் கொடுத்தே கேட்க வேண்டும். எல்லைகளைக் கையால் எழுதாமல் யூனிகோடு அட்டவணையிடமே கேட்டு, அந்த அட்டவணையைப் புதிய பதிப்புகளுக்கு ஏற்பப் புதுப்பித்துவந்தால், இனி சேரும் எழுத்துமுறைகளுக்கும் அதே நிரல் பயன்படும்.