பக்கவிளைவு என்பது யாது?

பக்கவிளைவை மருந்தினுட் கலந்த மாசு என்றே பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாமையைச் சிங்களத்தில் 'ஏகவேரிய' எனப்படும் சர்ப்பகந்தி நன்கு காட்டும். 1931இல் கல்கத்தாவிலே சென், போசு என்னும் இருவர் இவ்வேரைச் சித்தப்பிரமைக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் உரிய மருந்தென எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் வக்கீல், குருதியமுக்க நோயில் அதன் பயனை மேனாட்டார்க்கு அறிவித்தார். 1952இல் சுவிற்சர்லாந்திலே அதன் சத்தாகிய றிசேர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

சத்துத் தூயதாயிற்று, பக்கவிளைவோ நீங்கவில்லை. அமுக்கந் தணிந்த நோயாளர் சிலரிடத்து மூக்கடைப்பும் நடுக்கமும் மனச்சோர்வுங் காணப்பட்டன. காரணம் யாது? நரம்பு முனைகளிலுள்ள நுண்பைகளில் நோரதிரனலின், தோப்பமீன், செரற்றோனின் என்பன சேமிக்கப்பெறும். அவை பையினுட் புகும் வாயிலை றிசேர்ப்பின் அடைத்துவிடும்; புறத்தே தங்கியவை நொதியங்களால் அழியும். குருதிக்குழாய்களை ஆளும் நரம்பிலும் மூளையிலும் அவ்வாயில் ஒன்றே. மருந்து இடமறியாது. உளநோய்க்குக் கொடுத்தவர்க்கு அமுக்கம் வீழ்தல் பக்கவிளைவு. அமுக்கத்துக்குக் கொடுத்தவர்க்கோ மனந் தளர்தல் பக்கவிளைவு. பெயரிடுவோர் நாமே!

பின்வந்த மருந்துகள் குறித்த ஏற்பிகளையே பற்றுமாறு ஆக்கப்பட்டன. ஆயினும், இதயத்தைச் சிறப்பாக நாடும் அற்றெனலோலும் அளவு மிகின் மூச்சுக்குழாயைத் தொடும். தொய்வு நோயாளர்க்கு அதனைக் கொடுக்க மருத்துவர் இன்றுந் தயங்குவர்.