பழுத்த தக்காளி ஏன் குழைகிறது?

பச்சைத் தக்காளியை அழுத்தினால் விரல் பதியாது. நன்றாகப் பழுத்ததோ தொட்டாலே அமுங்கும். ஏன்?

காய்க்குள் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் செல்லுலோஸ் இழைகளால் ஆன சுவர் உண்டு. செங்கற்களுக்கு நடுவே பூசிய சாந்து போல, பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பெக்டின் ஒட்டவைத்திருக்கிறது. பெக்டின் சங்கிலிகளைக் கால்சியம் இறுகப் பிணைக்கிறது.

இந்தப் பிடி எப்படித் தளர்கிறது? முற்றிய காயில் எத்திலீன் வாயு பெருகும். அது நொதிகளை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ் முதலில் பெக்டினிலுள்ள மெத்தில் தொகுதிகளை நீக்கும். பிறகு பாலிகேலக்டுரோனேஸும் பெக்டேட் லையேஸும் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். செல்கள் விலக, பழம் குழைகிறது.

ஒரு நொதியைத் தடுத்தால் போதுமா? 1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஃப்ளேவர் சேவர்' தக்காளியில் பாலிகேலக்டுரோனேஸை அடக்கினார்கள். சாறு கெட்டியானது, ஆனால் பழம் மென்மையாவது பெரிதாகக் குறையவில்லை. 2016இல் வெளியான ஆய்வில், பெக்டேட் லையேஸை அடக்கிய பழங்கள் குறிப்பிடத்தக்க அளவு உறுதியாக இருந்தன. எந்த நொதிக்கு எவ்வளவு பங்கு என்பதைச் செய்துபார்த்துத்தான் அறிய முடிகிறது.

வீட்டில் தக்காளி நாள்பட நிற்க வேண்டுமா? எத்திலீனை வெளிவிடும் பழுத்த வாழைப்பழத்தின் அருகே வைக்காதீர்கள்.