மரபணுக் கோப்பும் வைத்தியரின் தீர்ப்பும்

உமிழ்நீரைச் சிறு குப்பியில் அடைத்து அனுப்பினால், சில வாரங்களில் மரபணுச் செய்தி வீடு தேடி வரும் காலம் இது. அச்செய்தியின் மூலக்கோப்பைப் பெற்று, தமக்கு வரக்கூடிய நோய்களைத் தாமே தேடிப் பார்ப்போரும் உளர். அக்கோப்பை எவ்வளவு நம்பலாம்?

மனிதனின் டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன பெருநூல். வீட்டுச் சோதனைகளிற் பெரும்பாலானவை அந்நூலை முழுதும் படிப்பதில்லை. முன்பே குறித்துக்கொண்ட சில இலட்சம் இடங்களை மட்டும் பார்க்கின்றன. பரவலாகக் காணப்படும் வேறுபாடுகளை அறிய அம்முறை ஏற்றது. அரிய பிழைகளைக் காண்பதில் அது தடுமாறுகிறது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மூலக்கோப்புகள் காட்டிய மாற்றங்கள் மருத்துவ ஆய்வுகூடத்தில் மீண்டும் சோதிக்கப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு 40 உண்மையில் இல்லாதவை.

'இல்லை' என்னும் விடையையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். பி.ஆர்.சி.ஏ. எனப்படும் இரு மரபணுக்கள் பழுதுற்றால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுகிறது. அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. அதே 2018இல் அமெரிக்க அரசு அனுமதித்த வீட்டுச் சோதனை தேடியதோ மூன்றே மாற்றங்களை. அவையும் அஷ்கெனாசி யூதரிடையே மிகுதியாகக் காணப்படுபவை. வேறு இனத்துப் பெண்ணொருத்தி அவ்விடையைக் கண்டு அமைதியடைந்தால், வேண்டிய பரிசோதனையைத் தவறவிடக்கூடும்.

ஆகவே, அச்சந்தரும் குறிப்பொன்று தென்படின், மருத்துவ ஆய்வுகூடத்தில் அதனை உறுதிசெய்த பின்னரே சிகிச்சையைப் பற்றி எண்ணுதல் தகும். குறிப்பு எதுவும் தென்படாவிடினும், தாய்க்கும் பாட்டிக்கும் வந்த நோய்களை வைத்தியரிடம் கூறத் தவறலாகாது. அச்செய்தி எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.