தைப்பிங் மழையும் மூன்று முனை கேபிளும்

தைப்பிங்கில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவருக்கு முதல் எதிரி மழைதான். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர். மாலையில் மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயமே கட்டினார்களாம்! ஆனால் மாணவர்களே, மழை ஓய்ந்த பிறகும் உங்கள் பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறதா? அது பெரும்பாலும் கேபிள் வழியாக வருவது.

பல்தடப் பதிவுக் கருவியில் குரலை ஒரு தடத்திலும் உறுமியை இன்னொரு தடத்திலும் பதிந்து, பிறகு கலந்துகொள்ளலாம். 1979-இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் ‘போர்ட்டாஸ்டூடியோ’வை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் அதில் இரண்டு ஒலிவாங்கிகளை இணைத்து, தம் வீட்டு அறையில் மாதிரிக்காகப் பாடிவைத்தார். அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தொகுப்பாக அதே ஆண்டு வெளிவந்தது.

சரி, உங்கள் கருவிக்கு வருவோம். அதில் ‘மைக்’, ‘லைன்’ என்று இருவகை உள்ளீடுகள் இருக்கும். மேடையில் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் ஒலிவாங்கிக்குள் ஒரு மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம், அவ்வளவுதான். குரல் சவ்வை அசைக்க, சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னழுத்தம் பிறக்கிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இதுவே. கிடைப்பதோ சில மில்லிவோல்ட். லைன் உள்ளீடு எதிர்பார்ப்பது ஒரு வோல்ட்டுக்கு அருகில். அதில் ஒலிவாங்கியைச் செருகினால் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். ‘மைக்’ உள்ளீட்டில் மட்டுமே அந்தச் சிறு மின்னழுத்தத்தை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கும் முன்பெருக்கி இருக்கிறது.

பெருக்கிக்குக் குரல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. சுவரிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு கேபிளில் தொற்றினால் அதையும் அதே அளவு பெருக்கிவிடும். கராவோகே பெட்டியோடு வரும் ஒலிவாங்கியின் கேபிளில் வழக்கமாக ஒரு கம்பியும் அதைச் சுற்றிய உறையுமே இருக்கும். இதில் தப்பிக்க வழி குறைவு. மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர் கேபிளில் ஒன்றாம் முனை புவி இணைப்பு. இரண்டும் மூன்றும் ஒரே குரலை எதிரெதிர்க் குறியுடன் சுமக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குரல் ஒரு கம்பியில் +2, மற்றதில் −2 மில்லிவோல்ட். இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி +1 சேர்கிறது. இப்போது +3, −1. கருவி இரண்டையும் கழிக்கிறது: 3 − (−1) = 4. குரல் முழுதாக வந்துவிட்டது, இரைச்சலைக் காணோம்! இத்தனை எளிய கழித்தலுக்கு இவ்வளவு பலன் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். அதனால் செலவழிக்க ஐம்பது ரிங்கிட்தான் இருந்தால், முதலில் நல்ல கேபிள் வாங்குங்கள்.

கருவியில் ‘48 வோல்ட்’ என்ற பொத்தானைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா? கண்டென்சர் வகை ஒலிவாங்கிகளுக்கு மின்சாரம் தேவை. அது இந்த கேபிளிலேயே போகிறது. இரண்டு, மூன்றாம் முனைகளில் 48 வோல்ட் சமமாக ஏறுவதால், இடையே வேறுபாடு சுழி. எனவே டைனமிக் ஒலிவாங்கியின் சுருளில் மின்னோட்டம் பாயாது. கேபிள் பழுதாகி ஒரு முனை புவியோடு ஒட்டிக்கொண்டால் இந்தச் சமன் குலையும். அதனால் தேவையில்லாதபோது அணைத்தே வையுங்கள். அழுத்துமுன் ஒலியளவைக் குறையுங்கள். இல்லையேல் ‘டப்’ என்ற சத்தம் காதைப் பதம்பார்க்கும்.

உறுமிக்கு இன்னொரு சிக்கல். அடி விழும் கணத்தில் அளவு எகிறி, சிவப்பு விளக்கு எரியும். மேல்முனை வெட்டுண்ட அலையைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. மிக பலமான அடியை முதலில் அடித்துக் காட்டச் சொல்லி, −12 டெசிபலைத் தாண்டாதபடி திருகை வையுங்கள். பிறகு, காதை மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தத் தடத்தைக் கேட்டபடியே பாடலாம். ஒலிபெருக்கியில் கேட்டால் உறுமி குரல் தடத்திலும் நுழைந்துவிடும். தகரக் கூரையில் மழை தொடங்கிவிட்டதா? ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்திலிருந்து நான்கு விரற்கடைக்குக் கொண்டுவாருங்கள். திருகைச் சற்று குறையுங்கள். குரல் அதே அளவில் நிற்க, மழை பின்னுக்குப் போகும்.