தொண்ணூறு வயதைத் தாண்டிய செண்டேரோ அணை: பயப்பட வேண்டியது எதற்கு?

லகாட், பாப்பான், பூசிங் வட்டாரங்களில் இன்று தூண்டில் போடுகிற ஈயக்குட்டைகள் ஒரு காலத்தில் இரவு பகலாக இயந்திரம் இரைந்த ஈய லம்பங்கள். கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்களுக்கும் மண்வாரிக் கப்பல்களுக்கும் மின்சாரம் தருவதற்காகவே பேராக் ஆற்றின் குறுக்கே ஓர் அணை எழுந்தது. கோலகங்சாருக்கு வடக்கே நிற்கும் செண்டேரோ அணைதான் அது. 1930இல் இயங்கத் தொடங்கிய அந்த நீர்மின் நிலையம், நாட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய நீர்மின் நிலையங்களில் மூத்தது. தமிழ்நாட்டின் முதல் பெரிய நீர்மின் நிலையமான பைக்காராவே 1932இல்தான் வந்தது.

ஈயம் போய்விட்டது, அணை ஓய்வு பெறவில்லை. அதன் ஏரியில் மக்கள் படகு விடுகிறார்கள், கரையில் குடும்பத்தோடு தங்குகிறார்கள், அணைக்குக் கீழே ஆற்றோரம் ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். இத்தனை வயதான அணையை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேரான பதிலும் உண்டு.

யாருக்காகக் கட்டினார்கள்?

பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இதைக் கட்டியது. முதல் மின்சாரம் லம்பங்களுக்கும் நகரங்களுக்கும் போனது. பால்மரத் தோட்டங்களின் லயங்களில் அதன்பின் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. 1982இல் அந்தக் கம்பெனியைத் தேசிய மின்சார வாரியம் எடுத்துக்கொண்டது. வாரியம் பின்னர் தெனாகா நேஷனல் ஆனது.

இன்று செண்டேரோவின் உற்பத்தித் திறன் சுமார் 40 மெகாவாட். நாட்டின் தேவைக்கு இது சிறிய அளவு. ஆனால் எரிபொருள் வாங்காமல், புகை விடாமல், தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகத் தரும் மின்சாரம் என்பதால் இதை மூடிவிட்டுப் போவது எளிதான முடிவல்ல. பேராக் ஆற்று நீர்மின் நிலையங்களின் ஆயுளை நீட்டிக்கும் திட்டத்தில் தெனாகா இறங்கியிருப்பதும் இந்தக் கணக்கில்தான்.

அணைக்கு எப்படி வயதாகிறது?

செண்டேரோ தாங்குசுவர் வகைக் கான்கிரீட் அணை. நீரை மறிக்கும் சாய்வான சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கான்கிரீட் சுவர்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன, இடையில் வெற்றிடம். சிமெண்டு விலை அதிகமாகவும் கூலி மலிவாகவும் இருந்த காலத்தில் உலகெங்கும் விரும்பப்பட்ட அமைப்பு இது. இதில் ஒரு நன்மை உண்டு. சுவரின் பின்புறத்தை ஆள் நெருங்கிப் பார்க்க முடியும். விரிசலோ ஈரமோ கண்ணுக்குத் தப்பாது. குறையும் உண்டு. சுவர் மெல்லியது; உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அதன் பலம் விரைவாகக் குறையும்.

பொறியாளர்கள் பார்ப்பது பெரும்பாலும் நான்கு இடங்களை. முதலாவது கசிவு. எல்லா அணையும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவை ஒரு சிறு வாய்க்காலில் திருப்பி, 'V' வடிவில் வெட்டிய தகட்டின் வழியே ஓடவிட்டு, நீர் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் போகிறது என்று குறித்து வைப்பார்கள். ஏரியின் மட்டம் அப்படியே இருக்கையில் கசிவு மட்டும் கூடினாலோ, தெளிந்த நீர் கலங்கி வந்தாலோ உடனே காரணத்தைத் தேட வேண்டும். இரண்டாவது, அணைக்கு அடியில் மேல்நோக்கி அழுத்தும் நீர். மூன்றாவது மதகு: வெள்ளத்தன்று அது திறக்காவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. நான்காவது வண்டல், மேலே காடு அழிய அழிய ஏரிக்குள் மண் சேர்ந்து, நீர் நிற்கும் இடம் குறைகிறது.

செண்டேரோவின் மதகுகளில் நீர் பாயும்போது கட்டமைப்பில் உண்டாகும் அதிர்வைத் தெனாகா நேஷனல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். வயதான அணைக்கு இப்படிப்பட்ட தொடர் கவனிப்புதான் மருந்து. முறையாகப் பராமரித்த பழைய அணை, கவனிப்பாரற்ற புதிய அணையைவிடப் பாதுகாப்பானது. 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணை கான்கிரீட் பூச்சும் கம்பிவடப் பிணைப்பும் பெற்று இன்றும் நிற்கிறது. லிபியாவின் டெர்னாவுக்கு மேலே 1970களில் கட்டிய இரண்டு அணைகளோ பராமரிப்பின்றிக் கிடந்து, 2023 செப்டம்பரில் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன.

செண்டேரோ தனியாக இல்லை

இதற்கு மேலே அதே ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று மூன்று அணைகள் 1970களிலும் 1980களிலும் வந்தன. தெமெங்கோர் 127 மீட்டர் உயரம். அதன் ஏரி சுமார் 152 சதுர கிலோமீட்டர். பெருமழையை அது முதலில் வாங்கிக்கொள்வதால் கீழே செண்டேரோவுக்கு வரும் வெள்ளம் தணிகிறது. 1967 பெருவெள்ளம் பேராக்கை மூழ்கடித்தபோது அந்தத் தடுப்பு இல்லை.

அதே காரணத்தால் செண்டேரோவின் பாதுகாப்பும் மேலே உள்ளவர்கள் எப்போது, எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு அணைகளையும் ஒரே கணக்கில் வைத்துத்தான் இயக்க வேண்டும். மழையின் போக்கு மாறிவரும் இக்காலத்தில், 1920களின் வெள்ளக் கணக்கை நம்பி இருக்க முடியாது.

அணை உடையாமலே ஆபத்து வரும்

செண்டேரோ பற்றிப் பேசும்போது பலரும் அணை உடைவதை மட்டுமே கற்பனை செய்கிறார்கள். அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. ஈப்போவிலிருந்து அதிகத் தூரமில்லாத கேமரன் மலை ரிங்லெட்டில் 1963இல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. மலைத் தோட்டங்களிலிருந்து அடித்து வந்த மண் அதன் ஏரியைப் பெருமளவு தூர்த்துவிட்டிருந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் மட்டம் ஏறியதால் நீரைத் திறந்துவிட்டார்கள். கீழே பெர்த்தாம் வேலியில் ஆற்றை ஒட்டியிருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. அணை உடையவே இல்லை. அணையைக் காப்பாற்றத் திறந்த நீர், கீழே இருந்தவர்களை நெருக்கியது.

ஏரி நிறைந்தால் நீரைத் திறந்தே ஆக வேண்டும். அப்போது கீழே இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா, ஆற்றின் வழியில் வீடும் கொட்டகையும் இருந்தனவா என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

ஏரிக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியது

செண்டேரோ ஏரியின் ஒரு பகுதியான ராபான் ஏரி, லெங்கோங் போகும் வழியில் அழகான ஓய்விடம். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த லெங்கோங் பள்ளத்தாக்கும் பக்கத்தில்தான். இங்கே பிடிபடும் லோமா மீனை உப்பிட்டு, வறுத்து இடித்த அரிசியில் புரட்டி, புளித்துச் சேரும் வரை மூடிவைத்துச் செய்யும் 'பெக்காசாம்' பேர்போனது. சாலையோரக் கடையில் அதை வாங்காமல் திரும்புபவர் குறைவு. அதைச் செய்து விற்பவர்களின் பிழைப்பும் இந்த ஏரியின் நலனோடு கட்டுண்டது.

இந்த ஏரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். மின் நிலையம் சுழலத் தொடங்கினாலோ மதகு திறந்தாலோ, மழையே இல்லாத நாளிலும் அணைக்குக் கீழே ஆறு சடுதியில் ஏறும். மணல் திட்டில் பாய் விரித்துச் சமைப்பதும், நடு ஆற்றுப் பாறையில் நின்று தூண்டில் போடுவதும் அங்கே கூடாது. நீர் கலங்குவது, சருகும் கட்டையும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் பொருளை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். சங்கு ஊதினால் என்னவென்று பார்க்க ஆற்றுப் பக்கம் போகாமல், மேட்டை நோக்கி நடக்க வேண்டும்.

ஏரியில் படகு ஏறுகிறவர்கள் மிதவைச் சங்கிலி கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. அதற்கு அப்பால் நீர் அமைதியாகத் தெரிந்தாலும், மின் நிலைய வாயை நோக்கி அடியில் இழுப்பு இருக்கும். மூழ்கிய மரக்கட்டைகளும் நீர்ப்பாசியும் உள்ள ஏரி என்பதால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மிதவைச் சட்டை அவசியம். லகாட் ஈயக்குட்டைகளில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள், அதே துணிச்சலை ஓடும் ஆற்றில் காட்டக் கூடாது.

அரசும் நிறுவனமும் செய்ய வேண்டியது

மலேசியாவில் அணைப் பாதுகாப்பு மேலாண்மைக்கான வழிகாட்டி 2017இல் வெளிவந்தது. இந்தியா 2021இல் அணைப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. வழிகாட்டி நல்லதுதான், மீறினால் கேள்வி கேட்கச் சட்டம் வேண்டும்.

அதற்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை மூன்று உண்டு. செண்டேரோ அணையை ஆய்வு செய்த முடிவுகளின் சுருக்கத்தை மக்கள் படிக்கும்படி வெளியிடலாம். நீர் திறந்தால் எந்தக் கம்பம் எத்தனை நேரத்தில் நனையும் என்ற வரைபடத்தைச் சமூக மண்டபங்களிலும் கோயில்களிலும் பள்ளிகளிலும் ஒட்டலாம். எச்சரிக்கைப் பலகைகளை மலாயோடு தமிழிலும் சீனத்திலும் வைக்கலாம். பத்து காஜா, ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கமிருந்து வாரக் கடைசியில் அங்கே போகும் குடும்பங்களில் மூத்தோர் பலருக்குத் தமிழ்ப் பலகைதான் கை கொடுக்கும்.

செண்டேரோ நாளை இடிந்துவிடும் என்று கிலி கொள்ள வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அணையின் வயதுக்கு இல்லை. ஆய்வை வெளியில் சொல்லாத மௌனத்துக்கும், சங்கொலி கேட்டும் அசையாத அலட்சியத்துக்கும்தான். அடுத்த முறை ராபானுக்கோ ஆற்றங்கரைக்கோ போகும்போது, பாய் விரிக்கும் முன் எச்சரிக்கைப் பலகையைத் தேடிப் படியுங்கள். மேடு எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பலகை இல்லாவிட்டால் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.