ஆவாரங்குச்சியும் கார்பன் இழையும்

கோலார் தங்கவயலில் உள்ள ராபர்ட்சன்பேட்டையின் பழைய சுரங்கக் குடும்பங்களில் பல சேலம், தருமபுரி, வட ஆர்க்காட்டுப் பக்கங்களிலிருந்து வந்தவை. சேலத்து உருக்கு ஒரு காலத்தில் கடல் கடந்து பேர் பெற்றது. இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் மண் மூசையில் வைத்து, பச்சிலையால் மூடி, களிமண் பூசி உலையிலிட்டு ஊதுவார்கள். குச்சி கரிந்து, அந்தக் கரி இரும்பில் ஏறும். நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்குதான். கத்தியின் கூர் நின்றது அதனால். பிடிக்கு மரம். கத்தியின் வாலில் அரக்கை உருக்கிச் சொருகி, பூண் மாட்டினால் வேலை முடிந்தது.

இன்று சில கத்திகளுக்குப் பிடியே கரி. அக்ரிலிக் வகை நூலைக் காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு, சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள கார்பன் இழையாக்குகிறார்கள். அதைத் துணியாக நெய்து, எபாக்சி பிசின் ஊட்டி, அழுத்திக் காய்ச்சினால் தகடு. கன சென்டிமீட்டருக்கு உருக்கு 7.8 கிராம், இது 1.6 கிராம். இங்கிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில் உருவான தேஜஸ் விமானத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் இத்தகைய கலப்புப் பொருள்தான். அலகாக மட்டும் இது ஆகாது. இழைகளைக் கட்டி வைத்திருக்கும் பிசின் கூர்முனையில் நிற்காது.

மரம் இதைவிடவும் இலேசு. ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், கோடையில் சுருங்கும், பூண் கழலும். கார்பன் பிடி இவற்றுக்கெல்லாம் அசையாது. பூண் கழன்ற கத்தியைக் கொல்லரிடம் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் புதுப்பிடி போட்டுத் தருவார். கார்பன் பிடி பிளந்தால் அதை உருக்கவும் முடியாது, ஒட்டவைத்துப் பழைய வலுவைக் கொண்டுவரவும் முடியாது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இன்னொன்று, தூசி. சுரங்கத்தை நடத்த ஜான் டெய்லர் கம்பெனி வந்த 1880 முதல் சுரங்கம் மூடிய 2001 பிப்ரவரி 28 வரை, இந்த ஊர் படிகக்கல் தூசியைச் சுவாசித்தது. 1940களில் தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருந்தது. கார்பன் தகட்டை அறுக்கும் தூள் அதே நோயைத் தருவதில்லை. என்றாலும் தோலை அரிக்கும், நெஞ்சை உறுத்தும். தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் யாராவது அப்படிப்பட்ட பட்டறையில் சேர்ந்தால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் முகமூடி தருகிறார்களா, தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.