பாட்டியின் மடியும் குழந்தை இருக்கையும்: காரில் ஏறும் முன் நாம் அறிய வேண்டியவை

"கொஞ்ச தூரம்தானே, மடியில வெச்சிக்கிறேன். நீ வண்டிய எடு."

நம் வீட்டுக் கார்களில் இந்தப் பேச்சைக் கேட்காத நாளே இல்லை. மாசாய் பட்டணத்தில் இருந்து ஸ்ரீ அலாம் வரை, தாமான் ரிந்திங்கில் இருந்து கோயில் வரை, பாசார் மாலாம் வரை என எல்லாமே கொஞ்ச தூரம்தான். குழந்தை பாட்டியின் மடியில் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய குழந்தை இருக்கை காரின் பின்பெட்டியில் பழைய துணிகளோடு கிடக்கும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தங்கையின் எட்டு மாதக் குழந்தையை அம்மா மடியில் வைத்திருந்தார். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் இருந்து இறங்கும் இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. மாப்பிள்ளை பிரேக் போட்டார். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர்தான் இருக்கும். கார் எதன் மீதும் மோதவில்லை. ஆனால் குழந்தை அம்மாவின் கையை விட்டு நழுவி, முன் இருக்கையின் முதுகில் போய் இடித்தது. நெற்றியில் வீக்கம். கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தது?"

நல்ல வேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா அன்று இரவு முழுவதும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் இறுக்கமாத்தான் பிடிச்சிருந்தேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. இறுக்கமாகத்தான் பிடித்திருந்தார். பாசத்தால் பிடித்த பிடி ஏன் போதவில்லை என்பதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

கை ஏன் போதாது?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நம் தாமான் சாலைகளில் சாதாரணமாகப் போகும் வேகம். அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. உள்ளே இருப்பவர்களும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிலாவது மோதினால் கார் கண் இமைக்கும் நேரத்தில் நின்றுவிடும். கட்டப்படாத உடல் நிற்காது. அதே வேகத்தில் முன்னே பாயும்.

விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அந்த வேகம் நிற்பதாகக் கணக்குப் போட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். கடையில் விற்கும் 10 கிலோ அரிசிப் பை பதினான்கை ஒரே நேரத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இரண்டு கைகளில் தாங்குவது போன்றது அது. பாட்டிக்கு மட்டுமல்ல, பளு தூக்கும் இளைஞனுக்கும் அது முடியாது.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதுவது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது அடுக்குமாடி வீட்டின் மூன்று மாடி உயரத்தில் இருந்து, தரையில் விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடி ஜன்னல் ஓரத்தில் குழந்தையை உட்கார வைக்க யாருக்காவது மனம் வருமா?

மடியில் வைத்திருப்பவரும் வார் அணியவில்லை என்றால் ஆபத்து இரட்டிப்பாகிறது. அவரும் முன்னே பாய்வார். அவருடைய முழு எடையும் நடுவில் இருக்கும் குழந்தையின் மீது இறங்கும். பெரியவரையும் குழந்தையையும் ஒரே வாருக்குள் சேர்த்துப் போட்டாலும் இதே நிலைதான். வாருக்கும் பெரியவர் உடலுக்கும் இடையே குழந்தை நசுங்கும்.

"பின்னால் உட்கார்ந்தால் வார் எதற்கு?"

இது அடுத்த தவறான எண்ணம். இந்தியாவின் பெரும் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியின் மரணம் பலருக்கு நினைவிருக்கும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில், ஆற்றுப் பாலம் ஒன்றில் அவர் சென்ற கார் தடுப்புச் சுவரில் மோதியது. விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார் அது. முன் இருக்கையில் இருந்த இருவரும் படுகாயத்துடன் உயிர் தப்பினார்கள். பின் இருக்கையில் வார் அணியாமல் இருந்த மிஸ்திரியும் அவருடைய நண்பரும் உயிர் பிழைக்கவில்லை. காரின் விலை எவ்வளவாக இருந்தாலும், வார் அணியாதவரை அது காப்பாற்றாது.

இன்று நாம் எல்லாரும் பயன்படுத்தும் மூன்று முனை வாரை வடிவமைத்தவர் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின். 1959-ல் அது கார்களில் வந்தது. அந்தக் கண்டுபிடிப்பை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ விட்டுக்கொடுத்தது. அந்த வாரின் சூட்சுமம் எளிமையானது. உடலின் வலுவான எலும்புகளான இடுப்பெலும்பு, மார்புக்கூடு, தோள் ஆகியவற்றின் மீது மோதலின் விசையைப் பரப்பிவிடுகிறது. வார் வயிற்றின் மீதோ கழுத்தின் மீதோ கிடந்தால் அந்தப் பலன் கிடைக்காது. அதனால்தான் பெரியவர்களுக்காகச் செய்த வார் சிறு பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை.

கர்ப்பிணிப் பெண்களும் வார் அணிய வேண்டும். கீழ்ப்பகுதி வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டி இருக்க வேண்டும். மேல்பகுதி மார்பகங்களுக்கு நடுவே போய், வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் முன் இருக்கைக்கான வார் 1979 முதல் கட்டாயம். பின் இருக்கைக்கு 2009 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. தனியார் கார்களில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. உயரம் 135 சென்டிமீட்டர், எடை 36 கிலோ வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். தொடக்க மாதங்களில் சம்மன் கொடுக்காமல் விழிப்புணர்வுக்கே முதலிடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து, "இது சும்மா பேச்சுக்கு வந்த சட்டம்" என்று பலர் விட்டுவிட்டார்கள். சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பயணிகள் வார் அணிய வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்துள்ளது. அணியாதவருக்கு 300 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். லார்கினில் பேருந்து ஏறி கோலாலம்பூர் போகும் நம்மவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

மாசாயில் இருந்து சிங்கப்பூருக்குக் காரில் போய் வரும் குடும்பங்கள் ஏராளம். அங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் தகுந்த குழந்தை இருக்கையில் இருக்க வேண்டும். ஆனால் பாலத்தைத் தாண்டும்போது மட்டும் குழந்தை இருக்கையை எடுத்து மாட்டிவிட்டு, திரும்பி வந்ததும் கழற்றி வைப்பது என்ன நியாயம்? அபராதத்துக்குத்தான் பயமா?

முறையாகப் பயன்படுத்தினால், குழந்தை இருக்கை கைக்குழந்தைகளின் மரண அபாயத்தை 71 விழுக்காடு வரை குறைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதில் "முறையாக" என்ற சொல்தான் முக்கியம்.

எந்த வயதுக்கு எந்த இருக்கை?

கைக்குழந்தை: பின்பக்கம் பார்த்தபடி அமரும் இருக்கை வேண்டும். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்தோ வலுவற்றது. முன்பக்கம் பார்த்து அமர்ந்தால், மோதும்போது தலை முன்னே வீசப்பட்டு கழுத்து இழுபடும். பின்பக்கம் பார்த்து அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே தாங்கிக்கொள்ளும். குறைந்தது 15 மாதம் வரை இப்படி வைக்க வேண்டும். இருக்கையின் அளவு இடம் கொடுக்கும் வரை தொடர்ந்தால் இன்னும் நல்லது. கால் மடங்கி இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். குழந்தைக்கு அது வலிப்பதில்லை.

அடுத்து: முன்பக்கம் பார்க்கும், தோளிலும் இடுப்பிலும் வார்கள் உள்ள இருக்கை. ஏறக்குறைய 18 கிலோ வரை இது பயன்படும்.

பள்ளிப் பிள்ளைகள்: உயர்த்தி இருக்கை, அதாவது பூஸ்டர். இது பிள்ளையை உயர்த்தி, காரின் வார் தோளிலும் இடுப்பிலும் சரியாகப் படும்படி செய்கிறது. முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டான், இனி வேண்டாம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். வயது கணக்கல்ல, உயரம்தான் கணக்கு. முதுகு இருக்கையோடு ஒட்டி இருக்கும்போது முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்வார் தொடையின் மேல்பகுதியில் படிய வேண்டும். மேல்வார் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவே போக வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பூஸ்டரை விட்டுவிடலாம்.

வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 தரச்சான்று ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில், வட்டத்துக்குள் 'ஈ' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். தெரியாதவரிடம் பழைய இருக்கை வாங்க வேண்டாம். விபத்தில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே விரிசல் இருக்கலாம்.

மாட்டும்போது செய்யும் தவறுகள்

ஒன்று: பின்பக்கம் பார்க்கும் இருக்கையைக் காற்றுப் பை உள்ள முன் இருக்கையில் வைப்பது. காற்றுப் பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் உயிரையே பறிக்கும். குழந்தையின் இடம் எப்போதும் பின்னால்தான்.

இரண்டு: தளர்வாக மாட்டுவது. அண்மைய ஆண்டுகளில் வந்த மைவி, ஆக்சியா, சாகா போன்ற கார்களில் ஐசோஃபிக்ஸ் எனும் கொக்கிகள் பின் இருக்கையின் இடுக்கில் இருக்கும். அவை இல்லாத பழைய கார்களில் காரின் வாரைக் கொண்டே கட்டலாம். கட்டிய பிறகு, வார் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது.

மூன்று: குழந்தையின் வாரைத் தளர்த்தி விடுவது. "பாவம், இறுக்குது" என்று பாட்டிமார் தளர்த்துவார்கள். தோள் அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிபட்டால் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

நான்கு: துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைப்பது, முதுகுக்குப் பின் தலையணை செருகுவது. வார் உடலோடு ஒட்ட வேண்டும். முதலில் வாரைப் பூட்டுங்கள், பிறகு மேலே போர்த்துங்கள். திருமணத்துக்குப் போகும்போது கனமான உடுப்பு என்றால், போய்ச் சேர்ந்த பிறகு மாற்றிவிடலாம்.

ஐந்து: அழுகிறது என்று ஓடும் காரில் தூக்குவது. பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, பசியாற்றி, சமாதானம் செய்து, மீண்டும் பூட்டுங்கள். வடக்கே போகும்போது மாச்சாப் ஓய்வுத் தளத்தில் நிறுத்தி எல்லாரும் கால் நீட்டிக்கொள்ளலாம். மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வரும் முதல் நாளே இருக்கையில் வைத்துப் பழக்கினால், பிள்ளைக்கு அதுவே வழக்கமாகிவிடும்.

"அந்தக் காலத்தில் நாங்கள் வளரவில்லையா?"

இந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே திருவிழாவுக்குப் போன தலைமுறை அது. செம்மண் சாலையில் லோரி ஊர்ந்துதான் போகும். இன்று நம் வீட்டுக்கு வெளியே இருப்பது பாசிர் கூடாங் துறைமுகத்துக்கும் தஞ்சோங் லங்சாட்டுக்கும் போகும் கொள்கலன் லோரிகளும் எண்ணெய் லோரிகளும் ஓடும் நெடுஞ்சாலை. சாலை மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது. குழந்தையின் கழுத்து மட்டும் அன்று போலவே மென்மையாக இருக்கிறது.

விலையும் ஒரு தடைதான். நல்ல இருக்கைக்குச் சில நூறு வெள்ளி ஆகும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வளைகாப்புக்கும் முப்பதாம் நாளுக்கும் மாமா, சித்தி, அத்தை என்று ஆளுக்கொரு பரிசு கொண்டு வருகிறோம். இரண்டு மாதத்தில் சிறியதாகிவிடும் சட்டைகள் வீட்டில் குவிகின்றன. நான்கு பேர் சேர்ந்து ஒரு குழந்தை இருக்கை வாங்கிக் கொடுத்தால், அது பல ஆண்டுகளுக்குக் குழந்தையைக் காக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது குழந்தையை இருக்கையில் பூட்டுவது அம்மாவின் வேலை. வேறு யாரையும் விடுவதில்லை. வாரை மாட்டி, கிள்ளிப் பார்த்து, 'க்ளிக்' சத்தம் கேட்ட பிறகு பக்கத்தில் தன் வாரையும் போட்டுக்கொண்டுதான், "ம், வண்டிய எடு" என்கிறார். பேரனின் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறார். அந்தப் பிடி போதும்.